திரும்பி வருகிறவன்

தைரியசாலி என்று நாம் யாரைச் சொல்கிறோம்? முன்னே போனவனைத்தான். பாதி வழியில் திரும்பி வந்தவனை எங்களைப் போன்ற நாவலாசிரியர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது நியாயமா என்ற சந்தேகம், சிறு விமானங்களில் பனி படிவதைப் பற்றிப் படித்தபோது எனக்கு வந்தது.

மேகத்தில் சில நீர்த்துளிகள், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பிறகும் உறையாமல் நீராகவே மிதக்கும். எதன்மேலாவது பட வேண்டியதுதான் தாமதம், பனிக்கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். பாரம் தாங்காமல் விமானம் விழுகிறது என்றுதான் நினைப்போம். வள்ளுவரின் மயிலிறகு வண்டிகூட நினைவுக்கு வரும். ஆனால் இங்கே பாரம் இரண்டாம்பட்சம். இறக்கையின் வடிவம் கெடுகிறதே, அதுதான் வினை. உப்புத்தாளைப் போன்ற சொரசொரப்பு ஏற்பட்டாலே, தூக்கும் சக்தியில் 30 சதவீதம் வரை போய்விடக்கூடும்.

1994 அக்டோபர் 31 அன்று, சிகாகோவில் இறங்க முறைக்காகக் காத்து, இண்டியானா வானில் ஒரு விமானம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பனி படிவதை விமானிகள் கவனித்தார்கள். ஆனால் அந்த நிலையில் அவ்விமானம் எப்படிப் புரளும் என்பது அவர்களுக்குச் சரிவரச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 68 பேரும் மாண்டார்கள். அந்த விமானிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறியாதவனிடம் அறத்தைப் பற்றி என்ன கேட்பது?

அறிந்தவனிடம் கேட்கலாம். பனியை நீக்கும் சாதனம் ஏதுமில்லாத சிறு விமானத்தில், எதிரே மேகத்தைக் கண்டும் போகிறானே, அவனிடம். "இன்னும் கொஞ்ச தூரந்தானே!" என்ற ஆசைதான் அவனைத் தள்ளுகிறது. பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், ஆசையோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

1927-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த லிண்ட்பெர்க், இரவில் மேகத்துக்குள் பனி படியக் கண்டதும், திரும்பி வெளியே வந்து, பிறகு மேகங்களைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் பாரிஸ் சேர்ந்ததை உலகம் அறியும்; அந்தத் திருப்பத்தை எத்தனை பேர் அறிவார்கள்?

முன்னே போய் மாண்டவனுக்குச் சாட்சி உண்டு, உடைந்த இறக்கைகள் கிடக்கின்றன. திரும்பி வந்தவனுக்கு என்ன சாட்சி? அவன் போயிருந்தால் செத்திருப்பான் என்று யார் நிரூபிப்பது? அவன் இறங்கி நிற்கும்போதே, அதே மேகத்தைத் தாண்டி இன்னொரு விமானம் சுகமாக வந்து இறங்கலாம். "இதற்கா பயந்தீர்கள், ஸார்?" என்று பிரயாணி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அவன் என்ன பதில் சொல்வான்?