சனிக்கிழமை ராத்திரிக்கு என்ன பதில்?

ஒரகடம் ஜங்ஷனில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக கம்பெனி பஸ்கள். ஒவ்வொன்றிலிருந்தும் யூனிஃபார்ம் போட்ட பையன்கள் இறங்குவார்கள். திருநெல்வேலி, தருமபுரி, ஒடிசா, பீகார்... எல்லா ஊர் முகமும் இருக்கும். கார் செய்கிறவன், டயர் செய்கிறவன், புல்லட் செய்கிறவன். ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் கிடையாது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் அங்கே வேலை பார்க்கிறான். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். ஊரில் இருந்தவரை வாலிபால் பைத்தியம். ஒரகடம் வந்த பிறகு, சனிக்கிழமை என்றால் மொட்டை மாடியில் 'செட்' சேர்ந்துவிடும். டாஸ்மாக்கை ராத்திரி பத்து மணிக்குச் சாத்திவிடுவார்கள் அல்லவா? அதனால் செகண்ட் ஷிஃப்ட் போகிறவன் முன்கூட்டியே காசு கொடுத்து, வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போவான். அவ்வளவு திட்டமிடல்!

ஒருநாள் அவனை உட்கார வைத்து அட்வைஸ் மழை பொழிந்தேன். கல்லீரல், கடன், கல்யாண வயதில் இருக்கும் தங்கை... எதையும் விட்டுவைக்கவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். குடியை விடவும் செய்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றே வாரம். மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்து கோபமாக போன் செய்தேன்.

''சரக்கு எனக்கு வேணாம்ணே. ஆனா, எல்லாரும் மேல மாடில சிரிச்சிட்டு இருக்கும்போது, கீழ ரூம்ல ஒத்தையா படுத்துக் கெடக்க முடியலண்ணே'' என்றான்.

என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள்... ஒருவனிடம் 'குடியை விடு' என்கிறோமே, உண்மையில் எதையெல்லாம் விடச் சொல்கிறோம்? பாட்டிலை மட்டுமா? வாரம் பூராவும் 'சார்' என்று கூப்பிட்ட சூப்பர்வைசரை 'மச்சான்' என்று கூப்பிடுகிற அந்த ஒரு மணி நேரத்தையும்தான். பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற பேதமில்லாமல் ஒரே பொட்டலத்து மிக்சரில் எல்லோரும் கை வைக்கிற அந்த உரிமையையும்தான். அம்மாவை நினைத்து அழுதால்கூட யாரும் கேலி செய்யாத இடம் அவனுக்கு அது ஒன்றுதான். போதை கெட்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழமை கெட்டதில்லையே!

'நல்ல நண்பர்கள் என்றால், குடிக்காதவனுக்கும் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், போதையில் இருப்பவர்கள் நடுவே தெளிவாக இருப்பவன் ஒரு சாட்சி. சாட்சியை யாருக்கும் பிடிக்காது. அதனால்தான், 'ஒரே ஒரு ரவுண்டுடா' என்று அவனையும் உள்ளே இழுக்கிறார்கள்.

லண்டனில் தேம்ஸ் அயர்ன் வொர்க்ஸ் என்று ஒரு கப்பல் கட்டும் தொழிற்சாலை இருந்தது. அதன் முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ் மதுவைத் தொடாதவர். மதுவுக்கு எதிராகப் பிரசாரமும் செய்தவர். ஆனால், பிரசாரத்தோடு நிற்கவில்லை. 1895-ல் தன் தொழிலாளர்களுக்கு ஒரு கால்பந்து அணி அமைத்துக் கொடுத்தார். வேலைநிறுத்தங்களால் வந்த கசப்பைத் தணிக்கும் கணக்கும் அதில் உண்டு. இருந்தாலும் என்ன? 1900-ல் அந்த அணி 'வெஸ்ட் ஹாம் யுனைடெட்' ஆனது. 1912-ல் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். அணி இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் சின்னத்தில் இருப்பவை அந்தக் கப்பல் தொழிலாளர்களின் இரண்டு சுத்தியல்கள்!

நம் ஸ்ரீபெரும்புதூரிலும் பார்த்தோமே. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் நின்றுபோனது. கம்பெனி கொடுத்த அடையாள அட்டை கம்பெனியோடு போய்விடும். கூட விளையாடியவன் அப்படிப் போய்விட மாட்டான்.

உடனே 'எல்லோரும் ஜிம்முக்குப் போங்கள்' என்று கிளம்பிவிடாதீர்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவனுக்கு டிரெட்மில் எதற்கு? காதில் இயர்போனோடு, ஆளுக்கொரு கண்ணாடி முன்னால் நிற்பது இன்னொரு வகைத் தனிமை. அவனுக்குத் தேவை, ஒருநாள் வராவிட்டால் 'ஏன்டா வரல?' என்று நாலு பேர் கேட்கிற ஆட்டம். வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வேண்டும். ஒருவன் குறைந்தாலும் தேடுவார்கள்.

இந்த முறை நான் அட்வைஸ் செய்யவில்லை. ''ஊர்ல அப்படி ஆடுவியே, இங்க ஏன் ஆடறதில்ல?'' என்று மட்டும் கேட்டேன். ஒரு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். ரூமுக்குப் பின்னால் காலி மனையில் நெட் கட்டியிருக்கிறார்களாம். பக்கத்து ரூம் ஒடிசா பையன்களும் வருகிறார்களாம்.

''எல்லாரும் குடிய விட்டுட்டாங்களா?'' என்றேன் ஆசையாக.

''எங்கண்ணே... ஆட்டம் முடிஞ்சதும் மூணு பேர் கடைக்குப் போயிடறானுங்க. நாங்க மிச்ச பேரு டீக்கடைக்கு வந்துடறோம்'' என்றான்.

அந்த 'நாங்க' எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று பேர் இன்னும் போகிறார்கள்தான். ஆனால், போகாதவன் இப்போது ஒத்தையாக இல்லை.

உங்கள் வீட்டிலும், ஆபீஸிலும் இப்படி ஒரு தம்பி இருக்கலாம். 'குடிக்காதே' என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, 'சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்ற, நானும் வரட்டுமா?' என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு, மறக்காமல் போங்கள்!