கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி



கொடிமுந்திரித் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் 20-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எஜமான் விடியற்காலை தொடங்கி, பொழுது சாயும் வேளை வரைக்கும் ஆட்களை அழைத்தான். சாயங்காலத்தில் எல்லாருக்கும் ஒரே கூலியைக் கொடுத்தான். பகல் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுத்தார்கள்.

கடைசியில் வந்தவர்கள் அதுவரை ஏன் சும்மா நின்றார்கள்? சோம்பலினால் அல்ல. ஒருவரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். எஜமான் அவர்கள் செய்த வேலையை மட்டுமா பார்த்தான்? அவர்கள் வீட்டு அடுப்பையும் நினைத்தான். அந்த ஒரு வெள்ளிப்பணம் ஒரு குடும்பத்தின் ஒருநாள் பிழைப்பு. அதைக் குறைத்துக் கொடுத்தால், அன்று இரவு பிள்ளைகள் அரைவயிற்றோடு படுப்பார்கள்.

இக்காலத்தில் அடிப்படை வருமானம் என்னும் ஒரு யோசனை பல தேசங்களில் பேசப்படுகிறது. வேலை உண்டா இல்லையா என்று கேளாமல், எந்த நிபந்தனையும் வையாமல், ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு தொகையை அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்பதே அது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், கொள்ளைநோய்க் காலமாகிய 2020-ம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று எழுதிய கடிதத்தில், தெரு வியாபாரிகள், குப்பை பொறுக்குவோர், சிறு விவசாயிகள், தையல் வேலை செய்வோர் முதலியவர்களை நினைவுகூர்ந்து, எல்லாருக்கும் ஓர் அடிப்படை ஊதியம் கொடுப்பதைப் பற்றிச் சிந்திக்கும் காலம் இதுவாயிருக்கலாம் என்றார்.

இதைக் கேட்டதும் நாம் என்ன சொல்லுகிறோம்? "சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான், கையில் காசு விழுந்தால் குடித்தே அழிப்பான்" என்கிறோம். ஆனால் இது நம் தேசத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட காரியம். மத்தியப் பிரதேசத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம், யுனிசெப் ஸ்தாபனத்தின் உதவியோடு, 2011-ம் ஆண்டில் சில கிராமங்களில் இதைத் தொடங்கிற்று. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய். பிள்ளைக்கு 100 ரூபாய், அதுவும் தாயின் கையில். பிற்பாடு அது 300-ம் 150-ம் ஆயிற்று. எதற்குச் செலவழித்தாய் என்று ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை.

நடந்தது என்ன? பிள்ளைகளின் உடல் எடை தேறிற்று. பள்ளிக்கூடத்துக்குச் செலவு செய்தார்கள். கடனைக் குறைத்தார்கள். விதை வாங்கினார்கள், ஆடு மாடு வாங்கினார்கள். குடி பெருகியதாகக் காணப்படவில்லை. பெரியவர்களின் உழைப்பும் குறையவில்லை. கூலிக்குப் போனவர்களில் பலர் தங்கள் சொந்த நிலத்திலே அதிகமாய்ப் பாடுபட்டார்கள்.

சில கிராமங்களில் ஓராண்டு, ஒன்றரையாண்டு நடந்ததைக் கொண்டு தேசம் முழுவதுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது உண்மை. இதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் ஏழையைப் பற்றி நாம் சொல்லிவந்த அந்தப் பொல்லாப் பேச்சு அக்கிராமங்களில் பொய்யாயிற்று.

வேலை செய்ய மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்று அர்ச். சின்னப்பர் எழுதவில்லையா என்று சிலர் கேட்பார்கள். எழுதினார். மனமில்லாதவனைப் பற்றி எழுதினார். வேலை கிடையாதவனையும், நோயாளியையும், கூலியில்லாமல் இரவும் பகலும் வீட்டில் உழைக்கிற தாயையும் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை. பூமியின் நன்மைகளெல்லாம் எல்லா மனிதருக்காகவும் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ம் ஆண்டில் போதித்திருக்கிறது.

ஆகையால், பிரியமானவர்களே, சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லாவிட்டாலும், நம் கண்ணைச் சுத்தமாக்குவது நம் கையில் இருக்கிறது. ஒரு விதவைக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, அவள் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கியதைக் குற்றமாகப் பேசுகிறோமே! நம் வீட்டுச் செலவுக்கு யாராவது அப்படிக் கணக்குக் கேட்டால் பொறுப்போமா? சர்வேசுரன் வெயிலையும் மழையையும் கொடுக்கும்போது நம்முடைய தகுதியைப் பார்த்தா கொடுக்கிறார்? இந்த வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏழை ஒருவருக்கு, விசாரணையும் புத்திமதியும் இல்லாமல், மரியாதையோடு உதவி செய்யக்கடவது. தான் நல்லவனாயிருப்பதால் உனக்குப் பொறாமையா என்று அந்த எஜமான் கேட்ட கேள்வி, நமது கடைசி நாளில் நம்மைப் பார்த்துக் கேட்கப்படாதிருக்க அவருடைய வரப்பிரசாதத்தை மன்றாடுவோமாக. ஆமென்.