ஐயா என்று தொடங்கிய புகார்

அந்தக் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. அனுப்புநர், பெறுநர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. 'ஐயா' என்று விளித்து, 'பொருள்' போட்டு அடிக்கோடிட்டு, 'வணக்கம்' சொல்லித் தொடங்கி, 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தாள். இடப்பக்கம் இடம், நாள். வலப்பக்கம் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் போடலாம். நடந்தது என்ன என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஒரே ஒரு வாக்கியம்: 'ஆய்வகத்தில் பணிபுரியும் அவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்.'

நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினராக இருந்தேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தக் குழுவின் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்தும் ஒருவர் வர வேண்டும். ஆக, அவள் யாரை 'ஐயா' என்று அழைத்தாளோ அப்படி ஓர் ஐயா அந்த நாற்காலியில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய விண்ணப்பங்களில் மின்வாரிய அலுவலர் ஐயா, நகராட்சி ஆணையர் ஐயா, தலைமையாசிரியர் ஐயா. குறை என்று ஒன்றிருந்தால் அதைக் கேட்க ஓர் ஐயாதான் உட்கார்ந்திருப்பார் என்பது பன்னிரண்டு வருடப் பாடம்.

வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் மெதுவாகத்தான் கேட்டார். "தவறாகன்னா எப்படிம்மா?"

அவள் பேசவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் தன் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் அவள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவளும்கூட. திணை, துறை, அணி எதைக் கேட்டாலும் சொல்வாள்.

எதிர்த்தரப்பை அழைத்தபோது அந்த மனிதருக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. "மகள் மாதிரி நெனச்சுத் தட்டிக்கொடுத்தேன் மேடம். அந்தப் பொண்ணு தப்பா எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?" தட்டிக்கொடுத்தல். அவரிடம் சொல் தயாராக இருந்தது. அது நல்ல சொல், ஆசிரியர்களும் அப்பாக்களும் செய்கிற காரியத்தின் பெயர். அவளிடம் இருந்தது 'தவறாக' மட்டும். அதையும் அவர் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்: தவறாக எடுத்துக்கொண்டது அவள்தானாம்.

எழுத இயலாதவருக்குப் புகாரை எழுத உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது, தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால். மறுநாள் மாலை ஆளில்லாத வகுப்பறையில் இருவரும் உட்கார்ந்தோம். "எங்க கை வெச்சாரு?" என்றேன். "இங்க" என்று காட்டினாள். நான் 'மார்புப் பகுதியில்' என்று எழுதினேன். எழுதும்போதே தெரிந்தது, அது உடலின் பெயராக இல்லை, வரைபடத்தில் ஓர் இடம் மாதிரி இருந்தது. அவளுக்கு அதுவே அதிகம். "மேம், அப்படி எழுதினா படிக்கிறவங்க என்னை என்ன நெனப்பாங்க?" என்றாள். அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

ஆசிரியர் ஓய்வறைகளில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். பள்ளிக்கூடம் வாழ்க்கைக்கு வேண்டியதைச் சொல்லித்தருவதே இல்லை என்பார்கள். வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாது, வருமான வரி தெரியாது, நீச்சல் தெரியாது, பிதாகரஸ் தேற்றத்தை வைத்து என்ன செய்வது என்று தேநீர் ஆறும்வரை நடக்கும். எனக்கு அந்தப் பேச்சில் ஒட்டவே முடிந்ததில்லை. 'வாழ்க்கைக்கு வேண்டியது' என்ற பெயரில் எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பு இருந்தது: தையல். பெண் பிள்ளைகள் கைக்குட்டையில் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆண் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள். யாருடைய வாழ்க்கை, அது எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த மாணவியின் கடிதத்தைப் படித்தபோதும் அதுதான் தோன்றியது. அவளுக்காக எழுதிவைத்திருந்த வாழ்க்கைக்கு வேண்டியதைப் பள்ளி அவளுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. பணிவு, படிவம், மறைப்பு.

மறைப்புக்கு எங்கள் இலக்கணத்தில் பெயரே உண்டு. தகுதி வழக்கு மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நன்னூல் வழியில் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். பலர் முன் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல், 'கால் கழுவி வந்தான்' என்பது போல. அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் பெயர் குழூஉக்குறி. தொல்காப்பியர் இன்னும் நேராக அவையல்கிளவி என்பார். அவையில் சொல்லக் கூடாத சொல். இருபது வருடமாக இதை நடத்துகிறேன். அந்த வகுப்பு எப்போதும் கலகலப்பாக இருக்கும். பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள்.

எங்கள் வகுப்பில் குழூஉக்குறிக்குப் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைத்தான் எடுத்துக்காட்டாக எழுதினோம். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களிடம் 'வீட்டுக்குத் தூரம்' இருந்தது, 'தலைக்குக் குளிக்கணும்' இருந்தது. மங்கலத்துக்கு ஒருவர் 'இயற்கை எய்தினார்' என்பதை எழுதினோம். எங்கள் தெருவில் திருமணமாகி எட்டு மாதத்தில் ஓர் அக்கா எரிந்து செத்தாள். தெரு முழுக்க 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்றது. அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில், மருமகள் தனியாக நிற்கும்போது மட்டும், ஸ்டவ் வெடித்தது. அறிவியல் வகுப்பில் பூவைப் பிளந்து சூலகம், சூல்தண்டு, சூல்முடி என்று பாகம் குறித்தோம். மனித இனப்பெருக்கம் வந்ததும் ஆசிரியை பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்றார். வீட்டில் யார் இருந்தார்கள் அதைப் படிக்க?

என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ரேஷன் கடையில் எடை குறைத்தவனை, வரிசையில் பின்னால் வந்து இடித்தவனை, அவர் திட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். உடம்பின் எல்லா உறுப்புக்கும் அவரிடம் பெயர் இருந்தது. எந்தக் கை எங்கே பட்டது என்று நான்கு தெரு கேட்கச் சொல்வார். நான் வெட்கத்தில் செத்துப்போவேன். அவையெல்லாம் கெட்ட வார்த்தைகள் என்று பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லியிருந்தது. அம்மாவின் பேச்சை நான் கொண்டாடிவிட முடியாது. அந்தச் சொற்களில் பாதி இன்னொரு பெண்ணின் உடலை வைத்துத் திட்டுபவை, இன்னும் சில சாதியை வைத்து. ஆனாலும் அந்தக் குழு முன்னால் என் அம்மாவை உட்காரவைத்து "தவறாகன்னா எப்படிம்மா?" என்று கேட்டிருந்தால் பதிலுக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. அவரிடமிருந்து எனக்கு வர வேண்டியதை, படிக்கவைத்து நான் இழந்தேன். பதிலாகக் கிடைத்தவையும் சின்னவை இல்லை. இந்தக் கட்டுரையை எழுத முடிவதே அந்தப் பள்ளிக்கூடத்தால்தான். அந்தக் கணக்கை நேர்செய்ய எனக்கு இன்னும் தெரியவில்லை.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மாணவிக்கு யார் சொல் கொடுக்கவில்லை என்று நான் கேட்கும்போது அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். சங்க இலக்கியம் நடத்துகிறவள் நான். அந்தப் பாடல்களில் முலை என்ற சொல் எந்தக் கூச்சமும் இல்லாமல் வரும். வகுப்பில் உரக்கப் படிக்கையில் அதைப் படித்துவிட்டு, பொருள் சொல்லும்போது 'மார்பு' என்று நகர்ந்துவிடுவேன். அல்குல் வந்தால் 'இடை' என்று குறிப்பு எழுதவைப்பேன். என் பேராசிரியர் எனக்கு எழுதவைத்தது அது. 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயரிட்டபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கிறது. அப்போது நான் முதுகலை மாணவி. ஈராயிரம் வருடம் ஆண்கள் பாடியபோது இலக்கியமாக இருந்த சொல், ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொன்னதும் ஆபாசமாகிவிட்டதே என்று விடுதி அறையில் கோபமாகப் பேசினோம். பிறகு என் கவிதைகளிலும் அந்தச் சொல்லை எழுதினேன். கவிதையில் எழுத முடிந்தது. ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து 'இங்க' என்று காட்டியபோது என் பேனா 'மார்புப் பகுதி' என்றது.

இப்போதெல்லாம் கற்றுத்தருகிறார்களே என்று கேட்கலாம். குட் டச், பேட் டச் வந்துவிட்டது. 1098ஐச் சின்னக் குழந்தைகள்கூடச் சொல்கிறார்கள். வரவேற்கிறேன், சுலபமாக வந்துவிடவில்லை அது. 2007இல் பள்ளிகளுக்கான வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரமும் கர்நாடகமும் மத்தியப் பிரதேசமும் தடைசெய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. அதையெல்லாம் தாண்டித்தான் இவ்வளவாவது. ஆனால் கவனித்துப் பாருங்கள், நாம் பேச ஆரம்பித்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டோம். பிரைவேட் பார்ட்ஸ், பீரியட்ஸ், அப்யூஸ். அவை வசதியாக இருப்பதே நம் வீட்டுக்குள் அவற்றுக்கு வாசனை இல்லை என்பதால்தான். புதிய இடக்கரடக்கல். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தை சொல்வதை அது சொன்னபடியே பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. சொன்னபடியே. கிராமத்துக் காவல் நிலையத்திலிருந்து வந்திருக்கும் பெண் அதிகாரி முன்னால் ஓர் ஒன்பது வயதுப் பிள்ளை எதைச் சொல்லும்?

ஒரு பாடம் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களிடம் என் கதை ஒன்றைச் சொல்வேன். தமிழ்நாட்டில் 1989இலேயே வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அந்தச் சட்டத்துக்கு வயது ஆறு. யாரும் சொல்லவில்லை, சரி. ஆனால் அப்பா இறந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். பெண்ணும் சொத்தும் பற்றிக் கருத்தரங்கில் பேசியவள் நான். "தங்கச்சி படிச்ச பொண்ணு, அதெல்லாம் கேக்காது" என்றார் அண்ணன், பெருமையாக. உண்மைதான், கேட்கவில்லை. தகவல் இருந்தது. 'எனக்கு வேண்டும்' என்று ஒரு வாக்கியத்தை வாயைத் திறந்து சொல்லும் பழக்கம்தான் இல்லை. அது எந்தப் பாடத்தின் எந்த அலகில் வரும்?

பெண் அவையில் நின்று பேசும் பாடம் பள்ளியில் இல்லாமலும் இல்லை. வழக்குரை காதை இருக்கிறது. பாண்டியன் முன் கண்ணகி பேசுவதைப் பிள்ளைகள் கையை ஆட்டி நடித்துக் காட்டுவார்கள், ஆண்டு விழாக்களில் பரிசு நிச்சயம். அவள் வழக்குத் தன் கணவனுக்காக. கையில் இன்னொரு சிலம்பும் இருந்தது. உடைத்தால் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்து, உடைத்துக் காட்ட எதுவும் கையில் இல்லாமல் நிற்பவளுக்கு எந்தக் காதையை நடத்துவது?

விசாரணை முடிந்தது. அந்த மனிதர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அறிக்கையைத் தமிழில் எழுதியவள் நான்தான். 'பொருத்தமற்ற நடத்தை' என்று எழுதியிருந்தேன். பிரதியை அவளிடம் கொடுத்தபோது முழுதும் படித்துவிட்டு, "பொருத்தமற்றன்னா, அவரு செஞ்சதா மேம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதன்பின் அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

சென்ற பருவத்தில் முதலாமாண்டு அகமதிப்பீட்டுத் தேர்வில் கடிதக் கேள்வியை மாற்றினேன். தெருவிளக்கு வேண்டாம். பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நேரும் தொல்லையைப் பற்றிக் கற்பனைப் பெயரில் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதுக. துறையில் ஒருவர், "இதெல்லாம் எதுக்கும்மா, பிள்ளைங்க சங்கடப்படும்" என்றார். சங்கடப்பட்டார்கள்தான். 52 தாள்களில் முக்கால்வாசி 'ஐயா'. முக்கால்வாசியில் 'தவறாக நடந்துகொண்டார்'. நான்கைந்தில் 'சில்மிஷம்'.

ஒரு தாளில் மட்டும் 'தவறாக' என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே பேருந்தின் தடம் எண், ஏறிய நிறுத்தம், மணி. பிறகு பேச்சுத் தமிழில், 'பின்னாடி நின்னுக்கிட்டு என் இடுப்புல கைய விட்டு மேல கொண்டுவந்து முலைய அமுக்கினான், நான் திரும்பிப் பாத்தேன், அவன் சிரிச்சான்' என்று இருந்தது. விளிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் காற்புள்ளி.

மதிப்பீட்டு முறைப்படி விளிக்கு ஒரு மதிப்பெண், பிழையற்ற எழுத்து நடைக்கு இரண்டு. பேச்சு வழக்கு வந்தால் குறைக்க வேண்டும். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.