கந்தையும் கேண்மையும்

குளிர் வந்துற்றபோது மனிதன் தேடுபவை இரண்டு. ஒன்று போர்வை, மற்றையது துணை. முன்னையது உடலின் தேவை, பின்னையது உள்ளத்தின் தேவை எனப் பிரித்துரைத்தல் எளிது. ஆயின், போர்வையைத் தைப்பதற்கென்றே பலர் ஒருங்கு கூடும்போது இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அங்கு ஒரு வினா எழுகின்றது. தேவை காரணமாகக் கூடியோரிடையே தோன்றும் உறவு உண்மையான நட்பாகுமா? அன்றி, தேவை நீங்கியதும் தானும் நீங்கிவிடும் வெறும் கூட்டுறவு மாத்திரமா? ஒட்டுத்துணிப் போர்வை என்னும் எளிய பொருளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் பயனுடையது. எளிய பொருள்களைப் பற்றிய வினாக்கள் பல வேளைகளில் சமுதாயத்தின் அடித்தளத்தையே தொட்டுவிடுவதுண்டு.

பதுளை நகர் பள்ளத்தாக்கில் அமைந்தது. அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை ஆகிய பகுதிகளின் தோட்டங்களும், அப்பாலுள்ள பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களும் மலைச்சரிவுகளில் ஏறிச் செல்வன. ஆடி, ஆவணி மாதங்களில் இம்மலைகளில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைத் தருகின்றது. வடகீழ்ப் பருவமழையோடு வரும் மார்கழி, தை மாதக் குளிரோ, லயத்துக் காம்பராவின் தகரக் கூரையின்கீழ் உறங்குவோருக்குப் புகழ் எதனையும் தருவதில்லை, நடுக்கத்தையே தருகின்றது. அந்நடுக்கத்துக்கு ஏழை இல்லம் கண்ட மருந்துகளுள் ஒன்று பழஞ்சேலை.

சேலையொன்றின் வாழ்க்கை அதனை உடுத்தவளின் வாழ்க்கையைப் போன்றே உழைப்பு நிறைந்தது. திருவிழாவுக்கு உடுத்த சேலை நிறம் மங்கியதும் வேலைச் சேலையாகின்றது. மலைக்கு ஏறி, மழையில் நனைந்து, தேயிலைச் செடியின் வாதுகளிற் கிழிபட்டபின், காம்பராவின் உத்திரத்திலிருந்து தொங்கும் தொட்டிலாகின்றது. பிள்ளை வளர்ந்ததும் அத்தொட்டில் மீண்டும் இறங்கி, வேறு துணிகளோடு சேர்ந்து போர்வையாகின்றது. துணிகளைத் துவைத்து உலர்த்தி, நைந்த பகுதிகளை நீக்கி, இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, சுருக்கம் விழாதவாறு நான்கு மூலைகளிலும் இழுத்துப் பிடித்து, நெருக்கமாக நூலோட்டித் தைத்தல் வேண்டும். அடுக்குகளுக்கிடையே சிறைப்படும் காற்றே குளிரைத் தடுக்கின்றது. ஆதலின் தடித்த ஒற்றைத் துணியினும் மெல்லிய பல துணிகளின் அடுக்கு வெம்மை மிக்கதாகலாம். பல மெலிந்தவை சேர்ந்தால் ஒரு வலியதாகும் என்னும் உண்மை இங்கு உவமையன்று. கண்கூடான இயற்கை விதியாகும்.

இத்தொழில் இம்மலைகளுக்கு மாத்திரம் உரியதன்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வை ‘காந்தா’ எனப்படும். அச்சொல்லும் தமிழில் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் உறவுடையவை. புத்த சமயத் துறவியரின் ஆடையும் தொடக்கத்தில் எறியப்பட்ட துணிகளை ஒட்டித் தைத்ததேயாகும். மகத நாட்டின் வரப்பிட்ட வயல்களைப் போல அது அமைதல் வேண்டும் எனப் புத்தர் கருத, ஆனந்தர் அதனை வகுத்தார் என்று விநய நூல் கூறும். மழைக்காலத் தவத்தின் முடிவில், பதுளையின் முதியங்கனை ரஜமகா விகாரை உள்ளிட்ட விகாரைகளிலே நிகழும் கட்டின பூசையும் இம்மரபின் தொடர்ச்சியே. அங்கே சிறப்பான சீவரம் ஒன்று ஒரே நாளிற் தைத்து முடிக்கப்படல் வேண்டும். அப்பணியில் துறவியர் யாவரும் கைகொடுத்தல் வேண்டும் என்பது பழைய விதி. ‘கட்டின’ என்ற பெயரோ, தைக்கும்போது துணியை விரித்துப் பிடிக்கும் மரச் சட்டத்தைக் குறித்தது. உடைமைகளைத் துறந்தோரும் ஒருங்கிருந்து தைப்பதைத் துறக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு மீளலாம். அரிஸ்டோட்டில் நட்பை மூவகையாகப் பகுத்தார். பயன் கருதியது, இன்பம் கருதியது, ஒருவர்தம் நற்பண்பை மற்றவர் விரும்புவதால் விளைவது என்பன அவை. முதலிரண்டும் நிலையற்றவை, மூன்றாவதே முழுமையான நட்பு என்பது அவர் முடிவு. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குவோர், போர்வை தைக்கும் பெண்களின் உறவை முதலாம் வகையில் அடக்கிவிடக் கூடும். நான்கு கைகள் இருப்பின் வேலை விரைந்து முடியும். இன்று உனக்கு, நாளை எனக்கு. இஃது ஒரு கொடுக்கல் வாங்கல். இதிலே நட்பு எங்கே உள்ளது என அவர் வினவலாம்.

இவ்வாதத்தைப் புறக்கணித்தல் இயலாது. ஆயினும், அது மெய்யாயின், ஒன்றாகச் சேர்ந்து செய்யும் தொழில் யாவும் ஒரே வகையான உறவையே தோற்றுவித்தல் வேண்டும். தோட்டத்துப் பெண்களின் அன்றாட வாழ்க்கை அவ்வாறன்று என்பதை உணர்த்துகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்களும் ஒன்றாகவே செல்கின்றனர். ஒரே மலையில் அருகருகே நிரைபிடித்து நிற்கின்றனர். எனினும் அவ்வுழைப்பு தராசை நோக்கியே செல்கின்றது. கூடையிலுள்ள கொழுந்து நிறுக்கப்பட்டு, ஒவ்வொருத்தியின் பெயருக்கு நேரே அவளது இறாத்தலோ கிலோவோ எழுதப்படுகின்றது. தோழியின் கூடைக்குள் ஒரு பிடி கொழுந்தை இடுபவள் தன் கணக்கில் ஒரு பிடியை இழக்கின்றாள். அருகிருப்போரைத் தனித்தனியாக்கும் ஆற்றல் அத்தராசுக்கு உண்டு. உழைப்பின் பயன் உழைப்பவரிடமிருந்து அந்நியமாகும்போது மனிதன் மனிதனிடமிருந்தும் அந்நியமாகின்றான் என்று கார்ல் மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டின் கையெழுத்துப் படிகளில் எழுதியதற்கு, கொழுந்து மடுவத்தினும் தெளிவான விளக்கவுரை வேறு வேண்டியதில்லை.

இனி, லயமொன்றின் இஸ்தோப்பிலே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அதே பெண்களுள் நால்வர் போர்வை தைக்க அமர்கின்றனர் எனக் கொள்க. மூத்தவளுக்கு ஊசியில் நூல் கோக்கப் பார்வை போதாது. இளையவள் கோத்துக் கொடுக்கின்றாள். இளையவளுக்கு நேராகத் தைக்கக் கை பழகவில்லை. மூத்தவள் பிரித்துவிட்டுத் தைத்துக் காட்டுகின்றாள். ஒருத்தி துணியொன்றைத் தடவிப் பார்த்து, “இது ஒங்க மகளுக்குத் தொட்டி கட்டுன சீல இல்லையா அக்கா?” என்கின்றாள். அவ்வினா கொடுக்கல் வாங்கலில் அடங்குவதன்று. ஒருத்தியின் வாழ்வை மற்றவள் நினைவில் வைத்திருக்கின்றாள் என்பதற்கு அது சான்று. இங்கே எவரது தையல் எத்தனை சாண் என அளப்பாரில்லை. ஒவ்வொருத்தியின் கையும் தைத்தவருக்குத் தெரியும். ஆனால் அது பேரேட்டில் ஏறுவதில்லை. கூடுவதற்குத் தேவை காரணமாயிருக்கலாம். கூடியபின் அங்கு நிலவும் அன்புக்குக் கணக்கின்மையே காரணமாகின்றது. ஆகவே பயன் கருதிய உறவு, நற்பண்பு கருதிய உறவு என்பன இருவேறு வீடுகளல்ல. ஒரு வீட்டின் வாயிலும் உள்ளறையும் போன்றவை. வாயில் வழியே வந்தவரெல்லாம் வாயிலிலேயே நின்றுவிடுவர் எனக் கொள்வது தவறு.

நட்புக்கு ஐந்து அதிகாரங்களை ஒதுக்கிய வள்ளுவர், அதன் இயல்பை விளக்க உவமை தேடியபோது ஆடையையே நாடினார். உடை நழுவுங்கால் கை தானே விரைந்து அதனைப் பற்றுமாறு, நண்பனின் இடுக்கணை அப்பொழுதே களைவது நட்பு என்பது அவர் கருத்து. கை அவ்வாறு விரையும்போது இலாப நட்டம் பார்ப்பதில்லை. அதேவேளையில், உடை காக்கப்படுவது ஒரு பயனல்லவென்றும் கூறமுடியாது. பயனும் அன்பும் ஒரே அசைவில் அடங்கும் என்பதையே அவ்வுவமை புலப்படுத்துகின்றது.

இங்கு மற்றொரு மறுப்புக்கும் விடையிறுத்தல் கடமையாகும். கந்தலை அழகென்றும் வறுமையை உறவின் ஊற்றென்றும் புகழ்வது, வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கல்லவா? நல்ல கம்பளி வாங்கப் போதிய கூலி இருப்பின் அப்பெண்கள் பழஞ்சேலையைத் தைப்பரா? இக்கேள்வியில் நியாயமுண்டு. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடி, மாலையில் விறகோடும் நீரோடும் மீளுகின்ற ஒருத்திக்குத் தோழியோடு அமர்ந்து தைக்க நேரம் எங்கிருந்து வரும்? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி என்னும் எளிய நீதியே 1984 ஆம் ஆண்டிலேதான் தோட்டங்களுக்கு வந்தது. ஆகவே, வறுமை நட்பை வளர்க்கின்றது எனக் கூறுவது பிழை. வறுமை நட்பின் நேரத்தைத் திருடுகின்றது; அத்திருட்டையும் மீறியே நட்பு வளர்கின்றது. ஓய்வு மறுக்கப்படுமிடத்தில் நட்பும் மறுக்கப்படுகின்றது. எனவே ஓய்வு கோருதல் சோம்பலின் குரலன்று. அது மனித உறவின் உரிமைக் குரலாகும்.

அவ்வாறாயின் போர்வைகளை விற்று வருவாய் தேடினால் நட்பு என்னாகும்? ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1966 ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்கள் அமைத்த விடுதலைப் போர்வைத் தையற் கூட்டுறவு இதற்கு எடுத்துக்காட்டாகும். வாக்குரிமைக்காகப் பதிந்த குற்றத்துக்குத் தொழிலையும் குடியிருப்பையும் இழந்த குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. அவர்களின் போர்வைகள் நியூயோர்க் நகரச் சந்தையை அடைந்தன. 1972 ஆம் ஆண்டில் பெருங்கடைத் தொகுதியான சியர்ஸ் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் வழங்கியது. வருவாய் வந்தது, அதனோடு தன்மானமும் வந்தது. ஆயின் சந்தைக்கு ஒரேயளவான, ஒரேமாதிரியான பொருள்கள் வேண்டியிருந்தன. கைபோன போக்கில் வண்ணங்களை இணைக்கும் பழைய சுதந்திரம் அவ்வேலையில் ஒடுங்கிற்று. தராசு வேறு உருவில் மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம். எனினும் அளவையும் விலையையும் வேலைநேரத்தையும் பெண்கள் தாமே கூடித் தீர்மானிக்கும் கூட்டுறவில் தராசு எசமானாகாது, கருவியாகவே இருக்கும். பணத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அதனைக் கணக்கிடும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதே கேள்வி.

கணக்கு என்பது கொழுந்து மடுவத்தோடு நின்றுவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் இறுதி நிலையமாகிய பதுளையிலும், வழியிலுள்ள சிறு நிலையங்களிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்றோர் பலர். ஒரே லயத்தில் வளர்ந்த தோழியர் இரு நாட்டினராயினர். மூட்டை கட்டியவள் எடுத்துச்சென்ற போர்வையில், தங்கிவிட்டவளின் சேலைத் துண்டொன்று இருந்திருப்பின், அதனை எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்கீழ் எந்த நாட்டுக்குச் சேர்ப்பது? இலங்கையில் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலே நிறைவேறியது. பிரிந்த தோழியரை இணைக்கும் சட்டமோ எந்நாட்டிலும் இல்லை.

இதுகாறும் கூறியவற்றால் தைக்கும் கூட்டமெல்லாம் குற்றமற்றது எனக் கருதிவிடலாகாது. கூடுவோர் எவர் என்பதில் விலக்கப்படுவோர் எவர் என்பதும் அடங்கியுள்ளது. சாதி வேற்றுமை கடல் கடந்து லயத்துக்குள்ளும் வந்தது. தீட்டெனச் சொல்லி ஒருத்தியின் சேலையை ஒதுக்கிவிட்டுத் தைக்கப்படும் போர்வை எத்துணை வெம்மையானதாயினும், அதன்கீழ் உறங்குவது நீதியன்று. தோட்டத்தை அடுத்த சிங்களக் கிராமத்துப் பெண் வாயிலில் வந்து நிற்கையில், பாயில் நகர்ந்து இடங்கொடுக்காத கூட்டத்துக்கும் இது பொருந்தும். பகைமையின் கசப்பை அறிந்த ஊவா மலைகளில் இது சிறிய சோதனையன்று. தன்னைப் போன்றாரை மாத்திரம் அணைப்பது பழக்கம். தன்னின் வேறானவரையும் ஒரே நூலில் கோப்பதே நட்பு. ஒரே நிறத் துணிகளை மாத்திரம் இணைத்துத் தைத்ததை எவரும் ஒட்டுத்துணிப் போர்வை என அழைப்பதில்லை.

ஆகவே, தேவையிற் பிறந்த உறவு நட்பாகுமா என்ற வினாவுக்கு, ஆகும் என்பதே விடை. ஆயின் அதற்கு மூன்று வேண்டும்: தனக்கென ஒரு பொழுது, தன் உழைப்பின்மீது தனக்கோர் உரிமை, பிறர் துணியையும் தன் துணியோடு சேர்க்கும் மனம். முதலிரண்டையும் வழங்குவது சமுதாயத்தின் கடன். மூன்றாவது ஒவ்வொருவரது கடன். தேயிலையின் மணத்தை உலகம் சுவைத்துக்கொண்டிருக்க, அதனைப் பறித்த கைகள் ஞாயிறு பிற்பகலொன்றில் ஊசியைத் தேடுகின்றன. அக்கைகளுக்கு அப்பிற்பகல் முழுமையாகக் கிட்டுமாயின், அடுத்து வரும் மார்கழிக்குப் போர்வையும் துணையும் ஒருங்கே ஆயத்தமாகிவிடும்.