ஓரப்பற்கள்

காலையில் சிவபுராணம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கேஸ் சிலிண்டர் வந்துவிடும். வாசலுக்கு அல்ல, மனசுக்கு. வாய் அது பாட்டுக்கு ஓடும். அதே நான், பழைய உறையின் மூலையைக் கத்தரித்துத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தபால்தலை பசை விட்டுக் கழன்று வரக் காத்திருக்கும்போது காபி ஆறுவதுகூடத் தெரியாது. இடுக்கியால் எடுத்து, கவிழ்த்து உலர்த்தி, லென்ஸ் வைத்து ஓரப்பற்களை எண்ணுவேன். மூச்சே மெதுவாகிவிடும்.

1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி தலைகள் நான்கு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுதேசி பேசியவரின் படம் சுவிட்சர்லாந்தில் அச்சாகி வந்தது, அது வேறு கதை. என்னிடம் முதல் மூன்று உண்டு. நான்காவதுக்கு இருபது வருஷமாக ஏங்குகிறேன்.

"சாமியைவிட அந்தக் காகிதம்தான் உங்களுக்குப் பெரிசு" என்பாள் மனைவி.

பதிலுக்குத் திருநின்றவூர் பூசலாரை இழுப்பேன். காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் எழுப்பிய கோயிலின் குடமுழுக்கையே வேறு நாளுக்குத் தள்ளச் சொன்னார் சிவன் என்கிறது பெரியபுராணம். மதில், கிணறு, குளம் எதையும் பூசலார் விடவில்லை. அந்த நுணுக்கப் பைத்தியம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அவர் கட்டியது இன்னொருவர் குடியிருக்க. என் ஆல்பத்தில் குடியிருப்பது நானேதான். இது எனக்கு ராத்திரியில்தான் உறைக்கிறது.

நேற்று சிவபுராணத்தை ஒவ்வொரு சொல்லாக, பற்களை எண்ணுவதுபோல நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். பதினேழாவது வரியில் பத்து ரூபாய்த் தலை வந்தது.