துவர்ப்பு

போன வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பிரான்சில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். நல்ல மனிதர். நம் எழுத்துகளைத் தேடிப் படிக்கிறவர். அன்றைக்கு ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின். 1982-ஆம் வருஷத்து அறுவடை. அடியில் தங்கின கசடு கலங்கிவிடக் கூடாது என்று மெதுவாக ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். பிறகு என்னிடம் ஒரு கிளாஸை நீட்டி, "குடிச்சிடாதீங்க, முதல்ல மோந்து பாருங்க" என்றார்.

மோந்து பார்த்தேன். எங்க நைனா வந்து நின்றார்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பழம் என்றார் ஒருவர். சுருட்டு என்றார் இன்னொருவர். நண்பர் சிரித்துக்கொண்டே, "லெதர். பழைய லெதர். நல்லா வயசான போர்தோல இந்த வாசனைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். "ஆமா சார், லெதர்" என்றேன். அதுக்கு மேல் ஒண்ணும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வாடை கிளாஸுக்குள் வந்த வழி எளிதானது. திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் ஒயினுக்கு ஒரு துவர்ப்பு இறங்குகிறது. ஊற வைக்கிற ஓக் மரப் பீப்பாயும் கொஞ்சம் கொடுக்கிறது. அதற்கு டானின் என்று பேர். பேரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து போனது. ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையைப் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். வருஷம் போகப் போக டானின் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, கசடாகக் கீழே உட்காரும், துவர்ப்பு தணியும். பிரெட்டனோமைசிஸ் என்கிற ஒருவகை ஈஸ்ட் சேர்ந்தால் தோல் வாடையும் குதிரை லாயத்து வாடையும் வரும். கொஞ்சமாக இருந்தால் குணம் என்பார்கள், மிஞ்சினால் குற்றம்.

ஓக் மரப்பட்டை செய்த வேலையை நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் செய்தன. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போன தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா டேன்டு' என்று தனி மதிப்பு இருந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போனதும் அந்தத் திசைக்குத்தான், வாலாஜா ரோடுக்கு. தோலுக்குச் சந்தை இருந்தது, ரயில் இருந்தது, கப்பல் இருந்தது. தோலைத் தொட்டவனுக்குத்தான் ஊருக்குள் இடம் இல்லை.

நைனா முதலில் மாதவரம் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் குழி வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறின தோலை இழுத்துப் போடுவது, மயிர் நீக்குவது, சவ்வு சீவுவது, பட்டைத் தண்ணீரில் மாற்றி மாற்றிப் போடுவது. 1973-க்குப் பிறகு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டதும் அந்த வேலை குறைந்துபோனது. பெரியமேட்டில் ஒரு தோல் மண்டிக்குக் கட்டுத் தூக்கப் போனார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோலைப் படிப்பார். ஓரத்தைக் கொஞ்சம் மடிப்பார், கட்டை விரலால் தேய்ப்பார், மூக்குக்கிட்ட கொண்டு போவார். "இதுக்குக் கடுக்கா பத்தல." "இது உப்பு ஏறாம மழையில நனைஞ்ச தோலு." "இது அறுத்த மாடு இல்ல, தானா செத்தது." மண்டியில் தரம் பிரிக்க செலக்டர் ஒருத்தர் இருந்தார். மாதச் சம்பளம், நாற்காலி, நோட்டு. சந்தேகம் வந்தால் அவர் நைனா பக்கம் திரும்பி, "இன்னாப்பா சொல்ற?" என்று கேட்பாராம். நைனா சொன்னது நோட்டில் ஏறும். நைனா பேர் ஏறாது. பாண்டிச்சேரி மேசையில் மூக்கை வைத்து 'எந்த மண், எந்த வருஷம்' என்று சொல்கிறவருக்கு ரசனையாளர் என்று பேர். அதே மூக்கு நைனாவுக்கும் இருந்தது. அவருக்குக் கூலி என்று பேர்.

இந்த இடத்தில் ஒரு பழைய நியாயத்தை எடுத்துப் பார்ப்போம். "நாங்க சாதி பாக்கறதில்ல, சுத்தம் பாக்கறோம். நாத்தம் அடிச்சா யாருக்கும் கஷ்டமாத்தானே இருக்கும்?" படித்தவர்கள் வாயிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். அருவருப்பு இயற்கையானது, மூக்கில் பிறக்கிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்பதுதான் இந்த நியாயம். ஒயின் கிளாஸ் இதை உடைத்துவிடுகிறது. வாடை மூக்கை மட்டும் பொறுத்தது என்றால், அதே வாடைக்கு ஒரு மேசையில் விலையும் இன்னொரு தெருவில் விலகலும் ஏன்?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளாஸில் இருப்பது ஒரு சாயல். குழியில் இருப்பது குடலைப் புரட்டுகிற நாற்றம். இரண்டும் ஒன்றாகுமா? ஆகாது. குழி நாறியது. சுண்ணாம்பு நைனாவின் விரலிடுக்கை அரித்தது. அந்த வேலையை அந்த விதத்தில் எந்த மனிதனும் செய்யக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ரேஷன் கடைக்குப் போனபோதும் வரிசையில் முன்னால் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றாரே, அன்றைக்கு எந்த நாற்றம்? அவர் போட்டிருந்த செருப்பு எதனால் ஆனது? அருவருப்பு தோலிடம் இல்லை. தோலைத் தொட்ட கையிடம் இருக்கிறது. அந்தக் கைக்கும் பிறப்பிலேயே ஒட்டவைத்தது அது. சாதி செங்கல் சுவர் இல்லை, மனசுக்குள் இருக்கிற ஒரு நிலை என்று 1936-லேயே அம்பேத்கர் விளக்கினார். அந்த மனசு மூக்கையும் பழக்கி வைத்திருக்கிறது என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நாற்றம் என்ற சொல்லையே பாருங்கள். பழந்தமிழில் அதற்கு நல்ல மணம் என்று பொருள். சொல்லும் கீழே தள்ளப்படும்.

எங்கள் வடசென்னைக்கும் இதுதான் நடந்தது. ரயிலில் திருவொற்றியூர், எண்ணூர் வந்தால் கைக்குட்டை எடுப்பார்கள். உரமும் மின்சாரமும் பெட்ரோலும் நகரத்துக்குப் போகும், வாடை எங்களிடம் தங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் அதை வாளியிலும் மக்கிலும் அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ராத்திரியில் சனம் வீட்டை விட்டு ஓடியது. மண்ணின் குணம் சுவையில் தெரியும் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்களிடம் 'தெர்வார்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த மண்ணின் பேரைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். எண்ணூர் நண்டின் எண்ணெய் வாடையும் மண்ணின் குணம்தானா? அதை மண்ணுக்குக் கொடுத்தவர் யார் என்று மூக்கைப் பொத்துகிறவர் கேட்பதில்லை.

அப்படியென்றால் 'எங்கள் வாடையும் உயர்ந்ததே' என்று சொல்லிவிடலாமா? அந்த ஆசை எனக்கும் வந்தது. அது ஒரு பொறி. ஒயினின் உயர்வே ஒரு படிக்கட்டு. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களை விலையை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு தோட்டம் கீழ்ப்படியிலிருந்து மேலே ஏறியது, 118 வருஷம் கழித்து, 1973-ல். நமக்குத் தெரிந்த கணக்குதான். அந்தப் படிக்கட்டில் ஓரிடம் கேட்டால் நமக்குக் கீழே ஒருத்தனை நிறுத்த வேண்டி வரும்.

குடியிலும் படிக்கட்டு உண்டு. மேசையில் குடித்தால் ரசனை. 2003-லிருந்து அரசாங்கமே நடத்துகிற டாஸ்மாக் கடை வாசலில் குடித்தால் குடிகாரன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, செத்தவர்களின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் நிறையப் பேர் பேசினார்கள். நம் தெருவில் குடி எத்தனை தாலியை அறுத்தது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒயினைப் புகழவும் வரவில்லை. அந்த ஒயின் நன்றாக இருந்தது என்பதை மறைக்கவும் மனசு வரவில்லை.

நாம் கேட்பது வாடைக்கு மரியாதை அல்ல, மனிதனுக்கு மரியாதை. அவன் அறிவுக்கு அவன் பேர்.

இனி என் கணக்கு. 1982. அந்தத் திராட்சையைப் பறித்த வருஷம் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் கூடப் படிக்கிறவனோடு பஸ்ஸில் வந்தேன். பெரியமேட்டில் நைனா ஏறினார். மண்டியிலிருந்து நேராக வருகிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்தார். நண்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யார்றா அது, உன்னையே பாக்கறாரு?" என்றான். "தெரியல" என்றேன். நைனா காதில் விழுந்தது. திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். கல்மண்டபத்தில் நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப் வரை போய், நடந்து வீட்டுக்கு வந்தார்.

ராத்திரி ஒண்ணும் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் அந்த பஸ்ஸில் வரவே இல்லை. பெரியமேட்டிலிருந்து ராயபுரத்துக்கு நடந்தே வருகிறார் என்று வெகுநாள் கழித்து அம்மா சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. 1991-ல் நைனா செத்துப்போனார்.

சாதி அடுத்தவன் மூக்கில் மட்டும் இருந்தால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். அது என் மூக்கிலும் ஏறி, பெற்றவனையே 'தெரியல' என்று சொல்ல வைத்தபோது தன் வேலையை முழுசாக முடித்திருந்தது. பாண்டிச்சேரியில் 'ஆமா சார், லெதர்' என்று சொன்னபோது இரண்டாவது தடவை அதையேதான் சொன்னேன். இந்தத் தடவை என் பக்கத்தில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரையை அந்த நண்பருக்கு அனுப்பப் போகிறேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்ன வாசனை வருகிறது என்று அவர் கேட்டார். அது எங்க நைனா வாசனை. அவர் தோல் வேலை செய்தவர். தோலை அவர் போல அறிந்தவரை நான் பார்த்ததில்லை.