வெற்றி யாருக்குச் சொந்தம்?

தோல்வியைத் தாங்குவது கடினம் என்பர். வெற்றியைத் தாங்குவது அதனினும் கடினம் என்பதை எர்ணாவூரில் ஒரு சிறுவன் நமக்கு உணர்த்தினான்.

அஸர் தொழுகை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு இப்பால், ஒரு வெற்றுத் திடலில் பிள்ளைகள் கால்பந்து ஆடிக் களைத்து அமர்ந்திருந்தார்கள். நம் தெருப் பிள்ளைகளும் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளும் கலந்த கூட்டம் அது. கதை கேட்டார்கள். 1934ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம்.

கல்கத்தாவில் கால்பந்து லீக் போட்டி 1898இல் தொடங்கியது. நம் நாட்டு அணிகளுக்கு முதலில் அதில் இடமே இல்லை. பின்னர் இடம் கிடைத்தபோதும், முதற்பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் ஆடலாகாது என்ற விதி நெடுநாள் இருந்தது. 1933 வரை வெற்றி வெள்ளையர் படைப்பிரிவுகளுக்கோ வெள்ளையர் கழகங்களுக்கோதான் சென்றது. அடுத்த ஆண்டு, முதற்பிரிவில் அப்போதுதான் கால்வைத்த முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் வாகை சூடியது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த வாகையை அது விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் வெல்வது வேறு; ஒரு பருவம் முழுவதும் வெல்வது வேறு. ஒரு நாள் வெற்றியை நல்வாய்ப்பு என்று தள்ளிவிடலாம். பருவத்தின் வெற்றியை அவ்வாறு தள்ள இயலாது. லீக் நடப்பதோ மழைக்காலத்தில். வெறுங்காலுடன் ஆடுவதே அன்று நம்மவர் வழக்கம். சேறு வழுக்கும்போது பூட்ஸ் அணிந்த பட்டாளத்தாருக்கு மழையே துணையாளாகிவிடும். முகமதன் வீரர்கள் ஈர நிலத்தில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினார்கள். ஆள்பவனின் காலணியை அணிவது இழிவென்று அவர்கள் எண்ணவில்லை. பெங்களூர் போன்ற தொலைவூர்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தது கழகம். அந்த வெற்றி வானிலிருந்து விழுந்ததன்று, உழைத்துப் பெற்றது.

இவ்வளவும் சொல்லி, "வெள்ளையனை நம் ஆட்கள் வென்றார்கள்" என்று முடித்தோம்.

கோல் காத்துக்கொண்டிருந்த குப்பத்துச் சிறுவன் கேட்டான்: "அப்போ நாங்க ஜெயிக்கலையா, பாய்?"

நமக்கு விடை உடனே வரவில்லை. தமிழ் ஒரு நுட்பமான மொழி. 'நாம்' என்றால் கேட்பவனும் உள்ளே இருக்கிறான். 'நாங்கள்' என்றால் அவன் வெளியே நிற்கிறான். நாம் வாயால் சொன்னது 'நம் ஆட்கள்'. உள்ளத்தில் கொண்ட பொருளோ 'எங்கள் ஆட்கள்'. நம் குரலிலிருந்தே சிறுவன் அதைக் கண்டுகொண்டான்.

அப்படியானால், தன் சமுதாயத்தின் வெற்றியில் பெருமை கொள்வது குற்றமா? குற்றமென்று கூறமாட்டோம். கல்வியிலும் பதவியிலும் பின்தங்கி நின்ற மக்கள், தம்முள் பதினொருவர் தலைநிமிர்ந்ததைக் கண்டு தாமும் நிமிர்ந்தார்கள். அதை மறுப்பவர் தாழ்ந்து கிடந்ததன் வலியை அறியாதவர். ஆனால் அந்தப் பெருமைக்கு வாசல் இருக்கிறதா, மதில் மட்டும்தான் இருக்கிறதா என்பதே கேள்வி.

வாசல் இருந்த ஒரு நாளை வரலாறு காட்டுகிறது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. வென்ற பதினொருவரில் பதின்மர் இந்துக்கள்; ஒருவர் கிறிஸ்தவர். முஸ்லிம் ஒருவரும் இல்லை. வங்கப் பிரிவினையால் இரு சமயத்தாரிடையே கசப்பு நிறைந்திருந்த காலம் அது. எனினும் தம் இந்துச் சகோதரரின் வெற்றி கண்டு முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் மகிழ்ச்சியில் தரையில் உருண்டார்கள் என்று கல்கத்தாவின் 'முஸல்மான்' இதழ் எழுதியது. அன்று வென்றவர்கள் 'நாம்'. பிற்காலத்தில் அதே மைதானங்களின் ஆரவாரத்தில் சமய அரசியலின் குரல் கலந்தது. 'நாம்' மெல்ல 'நாங்கள்' ஆயிற்று. யார் முதலில் கதவை அடைத்தார் என்று வழக்காடுவதில் பயனில்லை. நம் பக்கத்துக் கதவு நம் கையில் இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பா, பந்தயத்தில் எவராலும் முந்தப்படாதது. ஒரு நாள் ஒரு நாட்டுப்புற அரபியின் இளம் ஒட்டகம் அதனை முந்திற்று. தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயரும் எதனையும் இறைவன் தாழ்த்தவே செய்கிறான் என்ற கருத்தைக் கூறி நபிகளார் அவர்களைத் தேற்றினார்கள். தோற்றவர் அவர்கள், ஆயினும் அந்த நாட்டுப்புறத்தாரின் மகிழ்ச்சிக்கு அங்கே குறைவு நேரவில்லை. மாற்றார் வெற்றிக்கு இடம் தரும் உள்ளமே, தன் வெற்றியையும் செருக்கின்றித் தாங்கும்.

சிறுவனுக்கு விடையாக இன்னொரு கதை சொன்னோம். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். தென்கொரியாவை இந்தியா வென்றது, அன்றும் 2-1. பயிற்றுவித்தவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். தலைமை தாங்கியவர் சுனி கோஸ்வாமி. கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். கோல் காத்தவர், மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ்.

கடைசிப் பெயரைக் கேட்டதும் சிறுவனின் முகம் மலர்ந்தது. பந்தை எடுத்துக்கொண்டு கோல் கம்பங்களை நோக்கி ஓடினான்.

1934ஐ நாம் மறக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு அதை இன்னும் சொல்வோம். ஆனால் சொல்லி முடிக்கும்போது, கேட்ட பிள்ளைகளுள் ஒருவனும் வெளியே நிற்கக் கூடாது.